இரண்டு இடது கைகள்

ஜெகதாம்பாள் இருபத்தொன்பது வருடம் இடது கை மட்டும் தைத்தாள்.

ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக அவள் மெஷினுக்கு வரும். சட்டையின் உடம்புப் பகுதியில் இடது கையைப் பொருத்தி, அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைத்து அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவாள். சிப்பாய் கையைத் தூக்கும்போது சட்டை பிடிக்கக் கூடாது, அதற்காக அந்தத் துண்டு. வலது கை எதிரே உட்கார்ந்திருந்த பொன்னியம்மாவின் பொறுப்பு. காலருக்கு வேறொருத்தி, பைக்கு வேறொருத்தி. துணியை வெட்டுவது தனிக் கூடம். அங்கே ஐம்பது அடுக்குத் துணியை மெஷின் ஒரே இழுப்பில் வெட்டும். ஜெகதா அந்தக் கூடத்துக்குள் காலே வைத்ததில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அவளுக்கு அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜெகதாவின் விரலில் ஊசி ஏறி, நகத்தோடு முறிந்து நின்றபோது அதை எடுத்தவள் நான்தான். அன்றிலிருந்து பழக்கம். அவள் கணவர் அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போது இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்றவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். குழந்தை தசரதன் வளர்ந்து, படித்து, பூனாவில் குடும்பத்தோடு இருக்கிறான். தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அவள் சேக்காட்டில் என் தெருவுக்கே குடிவந்தாள்.

அவள் ஓய்வு பெற்றது 1991 ஜூனில். மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத் தலை வாரி, புடவை கட்டி, டிபன் பாக்ஸில் தயிர்சாதம் அடைத்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். மூடி வைத்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. வேலையில் இருந்தவரை அவளுடைய ரத்த அழுத்தம் நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. ஆகஸ்டில் நூற்று அறுபது. எனக்குக் கவலை வந்துவிட்டது. நாள் முழுவதும் சும்மா உட்காரும் ஆட்கள் ஒரு வருடத்துக்குள், இன்ன நோய் என்று சொல்ல முடியாமல், வார்டுக்கு வந்து படுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் நடந்து திரும்பியதில்லை.

"கையில தொழில் இருக்கு. ஒரு மெஷின் வாங்கிப் போடு. தெருவுல எல்லாருக்கும் தைச்சுக் குடு," என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரியிடம் தையல் மெஷின் வாங்கச் சொல்வதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் தப்பு.

மெஷின் வந்தது. முதலில் தலையணை உறை, பிறகு உள்பாவாடை. நேர்த்தையலில் அவளை அடிக்க ஆள் இல்லை. தையல் எறும்பு வரிசைபோல ஓடும். அடுத்து டூ பை டூ பருத்தித் துணியில் ரவிக்கை கேட்டார்கள். தன் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்து, அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினாள். நான்கைந்து ரவிக்கை சுமாராக வந்தன. ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன்னால் அவள் இரண்டு தடவை பாத்ரூம் போவாள் என்பது எனக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

தை மாதம் பூங்காவனம் வந்தாள். சேக்காட்டின் பழைய குடும்பம் அவளுடையது. நிலம் போய்விட்டது, நாலு மாடு இருக்கிறது. தெருவுக்கே பால் அவள் வீட்டிலிருந்துதான். அவள் மகள் கஸ்தூரிக்கு மாங்காட்டில் கல்யாணம். அரக்கு நிறப் பட்டுப்புடவை எடுத்திருந்தார்கள். அதன் முனையிலிருந்து வெட்டிய ரவிக்கைத் துணியையும் ஓர் அளவு ரவிக்கையையும் மஞ்சள் பையில் கொண்டுவந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"யக்கா, என் பொண்ணுக்கு நீதான் தைக்கணும்."

"பட்டுல நான் தைச்சதில்லை, பூங்காவனம். கடையில குடுத்தா..."

"இன்னா யக்கா பேசற? மிலிட்டிரிக்கே தைச்ச கை. தோட்டாவுக்குத் தாங்குற சட்டை தைச்சவளுக்கு ஒரு பொண்ணோட ரவிக்கை இன்னா பெரிய விசயம்? ஊடு ஊடா சொல்லிட்டு வந்துகினு கீறேன், எங்க யக்காதான் தைக்குதுன்னு."

ஜெகதா என்னைப் பார்த்தாள். நான், "வாங்கி வை," என்றேன். வாங்கி வைத்தாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலையில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். பத்து மணிக்கு அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். கையகலம் திறந்து, நான்தான் என்று பார்த்த பிறகு உள்ளே விட்டு மறுபடி தாழ் போட்டாள்.

நூற்றுத் தொண்ணூறு. கீழே நூற்றுப் பத்து. கருவியைச் சந்தேகப்பட்டு இன்னொரு கையிலும் பார்த்தேன். அதேதான்.

"மாத்திரை?"

"போட்டேன் சிஸ்டர்."

"சாப்பாடு?"

"பசிக்கலை."

"எத்தனை நாளா?"

அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பூங்காவனத்தின் குரல். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். "யக்கா! ரவிக்கை ஆச்சா?"

"கொக்கி மட்டும்தான் பாக்கி!" என்றாள் ஜெகதா. குரல் தெளிவாக இருந்தது. மணிக்கட்டை என் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"நேத்திக்கும் அதான் சொன்ன! கொக்கி இன்னா கும்மிடிப்பூண்டிலேந்து வரணுமா?" என்று சிரித்துக்கொண்டே பூங்காவனம் போய்விட்டாள்.

மெஷின்மேல் போர்வை போர்த்தியிருந்தது. நான் எழுந்து போய் அதை எடுத்தேன். உடம்புப் பகுதி தைத்து முடிந்திருந்தது. கழுத்து அழகாக வளைந்திருந்தது. இரண்டு கைகளும் தனியாகக் கிடந்தன.

"நல்லாத்தானே இருக்கு?"

"சிஸ்டர், ரெண்டும் இடது கை."

எனக்குப் புரியவில்லை. அவள் இரண்டையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ரவிக்கைக் கையின் மேல்வளைவு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்காது. முன்பக்கம் உள்ளே குழிந்திருக்கும், பின்பக்கம் பொம்மியிருக்கும். இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிராக இருக்க வேண்டும். இங்கே இரண்டு குழிவும் ஒரே பக்கம் இருந்தன.

"டூ பை டூவுக்கு உள், வெளி கிடையாது. தப்பா வெட்டினாலும் திருப்பிப் போட்டுக்கலாம். பட்டுக்கு நல்ல பக்கம்னு ஒண்ணு இருக்கு. அதுவும் கைக்கு ஜரிகைக் கரை வரணும். நல்ல பக்கத்தை மேலே வச்சு ஒரு கை வெட்டினேன். சரியா வந்துச்சு. சந்தோஷத்துல அதே மாதிரி அடுத்ததையும் வெட்டிட்டேன். என் கண்ணுக்கு ரெண்டும் சரியாத்தான் தெரிஞ்சுது, சிஸ்டர். இருபத்தொம்பது வருசமா கைன்னா எனக்கு இந்த உருவம்தான்."

அப்போதுதான் அவள் தொழிற்சாலை வேலையின் கதையை முதன்முதலாகச் சொன்னாள். கட்டுகள், பொன்னியம்மா, அவள் பார்க்காத வெட்டுக்கூடம்.

"இதை ஏன் மெஷின் வாங்கச் சொன்னப்பவே சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் டைலர்னு சொல்லுது. பையன் பெண்டாட்டிகிட்ட, எங்கம்மா மிலிட்டரி டைலர்னு சொல்லி வச்சிருக்கான். ஒரு ரவிக்கை வெட்டத் தெரியாதுன்னா, அப்புறம் நான் யாரு?"

மீதித் துணி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கர்ச்சீப் அளவுகூட இல்லை, வெறும் துணுக்குகள். கட்டிலுக்கு அடியில் என் கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன். துணிப்பை. உள்ளே நான்கு புடவை, மாத்திரை, பூனா முகவரி எழுதிய பழைய கடிதம்.

"தசரதனுக்கு உடம்பு சரியில்லைன்னு தந்தி வந்ததா சொல்லிட்டு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

"நல்லா இருக்கிற பிள்ளையைப் படுக்க வைக்கிறதா? ரவிக்கைத் துணியையும் தூக்கிட்டுப் போறதா உத்தேசம்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அழுத்தத்தில் வாய் கோணிக்கொண்டு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தினாலே எனக்குப் பயமாக இருந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்து, குடிக்கும்வரை எதிரே நின்றேன். பிறகு ரவிக்கை, கைகள், துணுக்குகள் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவளையும் ஆட்டோவில் ஏற்றி ஆவடி மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே சுலைமான் பாய் கடை. என் ரவிக்கையெல்லாம் அவர் வெட்டுதான்.

பாய் கடையில் வெட்டிய துணிகள் தைக்கப்படாமல் மலையாக இருந்தன. தைக்கிற ஆள் துபாய்க்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பாய்க்குக் கண்ணில் புரை. வெட்டுவார், தைக்க ஓடாது. இரண்டு கைகளையும் மேஜையில் விரித்தார். விரலால் வளைவைத் தடவிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"யம்மா, இது ரெண்டும் அண்ணன் தம்பி. புருசன் பொஞ்சாதி இல்ல."

ஜெகதா வெளியே போகத் திரும்பினாள். நான் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சிரிச்சது போதும் பாய். வழி சொல்லுங்க."

அவர் சாக்கட்டியால் ஒரு கையின் பொம்மிய பக்கத்தில் கோடு போட்டார். "இந்தப் பக்கமும் குழி எடுத்துட்டா, இதை வலது கையா வைக்கலாம். பார்வைக்குத் தெரியாது. ஆனா முதுகுப் பக்கம் துணி பத்தாது. கையத் தூக்கினா பிடிக்கும். ரொம்பத் தூக்கினா..." கிழிவதுபோல் வாயால் சத்தம் செய்து காட்டினார்.

"தாலி கட்டும்போது தலையைக் குனிஞ்சா போதுமே," என்றேன்.

"மாலை மாத்தறப்போ? மாப்ள எவ்வளவு உயரம்?"

மாப்பிள்ளை ஆறடி என்று பூங்காவனம் தெருவெல்லாம் பெருமையடித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெகதா மேஜையருகே வந்தாள். பையிலிருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எலுமிச்சம்பழம் அகலத்துக்கு ஒரு துண்டு தேறியது. "அக்குள்ல சதுரம் வைக்கலாமா, பாய்?"

"பட்டு ரவிக்கையிலயா? ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்."

"நான் வச்சா தெரியாது," என்றாள்.

அந்த ஒரு வாரத்தில் அவள் பயமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஆனால் உடனே முகம் மறுபடி வெளுத்தது. "இடது பக்கம்னா கண்ணை மூடிட்டு வைப்பேன். இது வலது பக்கம்."

பாய் சாக்கட்டியைக் காதில் செருகினார், கத்தரிக்கோலை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வீட்டு மனிதரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். துணி பூங்காவனத்துடையது. இன்னொரு வெட்டு விழுந்தால் திரும்ப வழியில்லை.

"முதல்ல அவகிட்ட சொல்லணும்," என்றேன்.

"கிழிஞ்சா தானே சிஸ்டர் தெரியும்? தெரியாமலே போனா..."

"மணவறையில கிழிஞ்சா நானூறு பேருக்குத் தெரியும். இப்போ ஒருத்திகிட்ட சொல்லு."

திரும்பும் ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை. நாடி தொண்ணூற்றெட்டு ஓடியது.

பூங்காவனம் வாசலில் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெகதா அவளை உள்ளே அழைத்துப் போய், மணப்பெண் கஸ்தூரியின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ரவிக்கை வெட்டத் தெரியாது, பூங்காவனம். தொழிற்சாலையில இடது கை மட்டும்தான் தைச்சேன். உன் துணியில ரெண்டும் இடது கையா வெட்டிட்டேன்."

பூங்காவனம் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"இடது கை மட்டுமா? முப்பது வருசமா?"

"இருபத்தொம்பது."

"அடிப்பாவி யக்கா! அதையே சொல்லிகினு இருந்தா நான் கடைல குடுத்திருப்பேன்ல? கொக்கி பாக்கி, கொக்கி பாக்கின்னு மூணு நாளா என்னை மாடு மேய்க்க வுட்டியே! ஞாயித்துக்கிழமை என் பொண்ணு இன்னாத்தை மாட்டிகினு மணவறையில உக்காரும்? சம்பந்தி ஊட்டுப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் பூதக்கண்ணாடி வச்சிகினு வருவாளுங்க!"

ஜெகதா தலை நிமிராமல் நின்றாள். பூங்காவனம் கத்தி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை. பிறகு பாய் சொன்ன வழியைச் சொன்னேன். "சம்மதம்னா செய்றோம். இல்லைன்னா வேற கலர்ல ரவிக்கை எடுத்துத் தைக்கலாம். ரெண்டு நாள் இருக்கு."

"முகூர்த்தப் பட்டுக்கு வேற கலர்ல ரவிக்கையா? நல்லா கீது," என்று பூங்காவனம் முனகினாள்.

கஸ்தூரிதான் முடிவு செய்தாள். தன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "பெரியம்மா, நீ வச்சுத் தை. கிழிஞ்சா நான் மாலைய அவர் மேல வீசிடறேன்."

பூங்காவனம் ஜெகதாவைப் பார்த்து விரலை நீட்டினாள். "கிழிஞ்சுது, பால் கெடையாது. ஆயுசுக்கும்."

வெள்ளிக்கிழமை பாய் குழி எடுத்துக் கொடுத்தார். ஜெகதா வீட்டுக்கு எடுத்துவந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியைக் கோத்தாள். வலது தோளில் கையை வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள். சங்கு ஊதியது. சாப்பிட எழுந்திருக்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொழில் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் யோசனை சொன்னதன் பலனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ரவிக்கையை எடுத்து முழுவதுமாக உள்பக்கம் வெளியே திருப்பினாள். மேஜையில் விரித்துப் போட்டாள்.

"சிஸ்டர், பாருங்க. திருப்பிட்டா வலது தோள் இடது தோள் மாதிரி உக்காருது."

தையல் எப்படியும் உள்பக்கம்தான். அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. கால் மிதிக்க ஆரம்பித்தது. ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. சதுரத்தின் நான்கு மூலையும் திரும்பி, தையல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. இடது கை ஆறு நிமிடம். கொக்கி வைத்து, இஸ்திரி போட்டாள். நான் அக்குளைத் தடவிப் பார்த்தேன். விரலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் போட்டு மாலை மாற்றும்வரை நிச்சயமில்லை. சனிக்கிழமை கஸ்தூரி போட்டுப் பார்த்தாள். நலங்கு மஞ்சள் பட்டுவிடுமென்று பூங்காவனம் கையைத் தூக்கக்கூட விடாமல் கழற்றி வாங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை மாங்காடு. ஆறரையிலிருந்து ஏழரை முகூர்த்தம். மணவறைக்கு நேர் எதிரே இரண்டாவது வரிசையில் நாங்கள் உட்கார்ந்தோம். ஜெகதா முகத்தில் ரத்தமே இல்லை. காலை மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வைத்துத்தான் கூட்டிவந்திருந்தேன். தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள். இவள் பிடியிலிருந்த அட்சதை அப்படியே இருந்தது.

மாலை மாற்ற எழுந்து நின்றார்கள். ஆறடி என்று பூங்காவனம் சொன்னது குறைச்சல். மாப்பிள்ளை வளர்ந்துகொண்டே போனான். அவன் நண்பர்கள், "குனியாதே மாமே! இப்ப குனிஞ்சா ஆயுசுக்கும் குனியணும்!" என்று கூச்சல் போட்டார்கள். அந்தப் பையனும் விறைப்பாக நின்றான். கஸ்தூரி நுனிக்காலில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். ஜெகதா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அரக்குப் பட்டு வலது அக்குளில் விரிந்து கொடுத்து, கை இறங்கியதும் மடிந்து உட்கார்ந்தது. ஒருமுறை. இரண்டாவது முறை. மூன்றாவது முறை தன் மாலையைக் கழற்றும்போது அது கொண்டையில் சிக்கியதால் கையைத் தூக்கியபடியே நின்று இழுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜெகதா, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணும் ஆகலை. கண்ணைத் திற."

கஸ்தூரி மேடையிலிருந்து எங்களைத் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வலது கையை நன்றாக மேலே தூக்கித் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். பூ சரியாகத்தான் இருந்தது.

ஜெகதா அட்சதையை என் மடியில் கொட்டிவிட்டு எழுந்தாள். "பசிக்குது சிஸ்டர்," என்றாள். முதல் பந்தியில் ஆறு இட்லி சாப்பிட்டாள். அது அவள் வயதுக்கு அதிகம். அன்று மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பூங்காவனம் பந்தியில் எங்களிடம் வந்து, பக்கத்திலிருந்த தன் தங்கையிடம், "இதான் எங்க யக்கா. தைக்கத் தங்கம். ஆனா கத்தரிக்கோலைக் கையில குடுத்துடாதே," என்றாள். ஜெகதா சாம்பார் வாளிக்காரரைப் பார்த்தபடி, "ஆமா, எனக்கு வெட்டத் தெரியாது," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதை என் வாசலிலிருந்து பார்த்தேன். கையில் டிபன் பாக்ஸ். பாய் கடையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார் என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. அன்றிலிருந்து பாய் வெட்டுவார், அவள் தைப்பாள். ஒவ்வொரு ரவிக்கையிலும் வலது கைக்குத் துணியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொள்வாள். பட்டு வந்தால் இன்றும் ஒரு வேளை சாப்பாடு இறங்குவதில்லை. பாய் வெட்டிக் கொடுத்த கைகள் எதிரெதிராக இருக்கின்றனவா என்று மூன்று தடவை வைத்துப் பார்ப்பாள். அதற்காக அவர் தினமும் சண்டை போடுகிறார்.

மாசி கடைசியில் அழுத்தம் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு, எண்பத்தெட்டு. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன்.